கைரேகையிலிருந்து மரபணு வரை

மரபணுவியல் தமிழர்களின் பொதுப்பேச்சுக்குள் நுழைந்தது நோயின் வழியாக அல்ல, பெருமிதத்தின் வழியாக. மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டியை அடுத்த ஜோதிமாணிக்கம் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஓர் இளைஞரின் இரத்தத்தில் ‘எம் 130’ என்னும் மரபடையாளம் இருப்பதை, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் நோயெதிர்ப்பியல் பேராசிரியர் இராமசாமி பிச்சப்பனின் குழு கண்டறிந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக ஆஸ்திரேலியா வரை நடந்து சென்ற ஆதி மனிதர்களின் தடம் அது என்று அமெரிக்க மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸ் 2002, 2003ஆம் ஆண்டுகளில் வெளிவந்த தம் நூலிலும் ஆவணப்படத்திலும் விளக்கினார். உடனே ‘முதல் இந்தியர் மதுரைக்காரர்’ என்று செய்திகள் கிளம்பின. இன்றும் மேடைகளில் அது சொல்லப்படுகிறது. பிறகு கீழடி வந்தது. 2025இல் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தார், கொந்தகைத் தாழிகளிலிருந்து கிடைத்த இரண்டு மண்டையோடுகளைக் கொண்டு முகங்களை வரைந்து காட்டியபோது, நாம் எல்லோரும் அந்தப் படங்களில் நம் அண்டை வீட்டாரின் சாயலைத் தேடினோம்.

தேடியதில் தவறில்லை. ஆனால் நாம் மரபணுவிடம் எப்போதும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்: நாம் யார், எவ்வளவு பழையவர்கள்? இரத்தம் கொடுத்த மனிதர் நலமாக இருக்கிறாரா, அவருடைய பிள்ளைகளுக்கு வரக்கூடிய நோய் எது, அந்த இரத்தத்திலிருந்து கற்றது அந்த ஊருக்குத் திரும்பிச் சென்றதா என்ற கேள்விகள் நம் கட்டுரைகளிலும் இல்லை, மேடைகளிலும் இல்லை. பெரும் மக்கள்தொகையின் மரபணுக்களைக் கணினியில் ஏற்றி நோய்களின் காரணம் தேடும் காலம் வந்துவிட்டது. இந்த இரண்டாம் வகைக் கேள்விகளை இலக்கிய வாசகர்களாகிய நாமும் கேட்டாக வேண்டும்.

முதலில் அந்தப் பெருமிதத்தையே கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். எம் 130 இருப்பது ஒய் குரோமோசோமில். அது தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது. பத்துத் தலைமுறைக்கு முன் நம் ஒவ்வொருவருக்கும் 1,024 முன்னோர் இடங்கள் உண்டு. அவற்றுள் ஒய் குரோமோசோம் காட்டுவது ஒரே ஒருவரை. மீதி 1,023 பேரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அந்த இளைஞர் முதல் இந்தியருமல்லர், நம்மைவிடப் பழையவருமல்லர். எல்லோருடைய முன்னோரும் அதே காலத்தில் எங்கோ நடந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆய்வு சொன்னது ஒன்று, நாம் கேட்டுக்கொண்டது வேறொன்று.

*

அதே உசிலம்பட்டி வட்டாரத்துக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1911ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டத்தை ஆங்கில அரசு மதுரை மாவட்டத்துப் பிரமலைக் கள்ளர்கள்மீது ஏவியபோது, வளர்ந்த ஆண்கள் அனைவரும் தங்கள் விரல் ரேகையைப் பதிந்து, காவலர்களின் பதிவேட்டில் பெயராக மாற வேண்டியிருந்தது. மக்கள் அதற்கு வைத்த பெயர் கைரேகைச் சட்டம். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் இறந்ததாக அவ்வூர் நினைவு வைத்திருக்கிறது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது 1947இல்தான்.

ஒரு மனிதனின் உடலிலிருந்து ஓர் அடையாளத்தை எடுத்து, அதை அவனுடைய கூட்டத்தின் குணமாகப் பதிவேட்டில் எழுதிவைக்கும் பழக்கம் அப்போதைய அறிவியலுக்கும் அந்நியமானதல்ல. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் தலையையும் மூக்கையும் அளந்து, தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதிகளை 1909இல் வெளியிட்டார். அளவுகோல் இருந்தது, எண்கள் இருந்தன, அட்டவணைகள் இருந்தன. இல்லாதது ஒன்றுதான்: அளக்கப்பட்டவருக்கு அதனால் விளைந்த நன்மை.

ரேகை கொடுக்க மறுத்து உயிர்விட்டவர்களின் மண்ணிலிருந்து, முக்கால் நூற்றாண்டுக்குப் பின் ஒரு பல்கலைக்கழகம் கேட்டபோது மக்கள் இரத்தம் கொடுத்தார்கள். இது சாதாரணச் செய்தியல்ல. காவல் நிலையத்தின்மீது இல்லாத நம்பிக்கையை அவர்கள் ஆய்வுக்கூடத்தின்மீது வைத்தார்கள் என்பதே இதன் பொருள். அந்த நம்பிக்கைக்கு நாம் என்ன பதில் செய்தோம் என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

*

கொடுத்த இரத்தம் என்ன சொல்லக்கூடும்? நிறையவே சொல்லும். பிச்சப்பனின் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வு, தமிழ்நாட்டின் 12 பழங்குடிகளையும் 19 பிற சமூகங்களையும் சேர்ந்த 1,680 ஆண்களின் ஒய் குரோமோசோம்களை ஆராய்ந்தது. நம் மக்கட்குழுக்களின் தந்தைவழி வேறுபாடுகள், சாதி என்ற அமைப்பு உருவாவதற்கு முன்பே, வேளாண்மை பரவிய காலத்தில் தோன்றியவை என்பது அதன் முடிவு. வரலாற்று ஆர்வலர்கள் அதை எடுத்துக்கொண்டு விவாதித்தார்கள். ஆனால் மருத்துவத்துக்கு முக்கியமானது வேறோர் ஆய்வு.

ஹைதராபாத்தின் உயிரணு மூலக்கூற்று உயிரியல் மையத்தைச் சேர்ந்த தங்கராஜும், ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் அவர்தம் கூட்டாளிகளும் 2017இல் தெற்காசியாவின் 263 மக்கட்குழுக்களை ஒப்பிட்டார்கள். அவற்றுள் 81 குழுக்கள் ஒரு சிறு எண்ணிக்கையிலான மூதாதையரிடமிருந்து கிளைத்து, பிறகு தமக்குள்ளேயே மணந்துகொண்டு பெருகியவை. பின்லாந்து மக்களையும் கிழக்கு ஐரோப்பிய அஷ்கனாசி யூதர்களையும் விட அழுத்தமாக அந்தச் சுவடு இவற்றில் பதிந்திருக்கிறது. இவற்றுள் 14 குழுக்கள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டவை.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் சொல்லலாம். வைசிய சமூகத்தில் சிலருக்கு ஒரு நொதி பிறவியிலேயே குறைவு. அன்றாட வாழ்வில் அது தெரியவே தெரியாது. அறுவை சிகிச்சைக்காகத் தசைகளைத் தளர்த்தும் ஒரு குறிப்பிட்ட மருந்தைச் செலுத்தினால், சில நிமிடங்களில் நீங்க வேண்டிய செயலிழப்பு மணிக்கணக்கில் நீடிக்கும். பிறரோடு ஒப்பிட இக்குறை அவர்களிடம் ஏறத்தாழ நூறு மடங்கு அதிகம். இதை அறிந்த மயக்க மருத்துவர் மருந்தை மாற்றிவிடுகிறார். ஓர் உயிர் தப்புகிறது. இப்படி இன்னும் எத்தனை குறைகள் எத்தனை சமூகங்களில் பெயரில்லாமல் கிடக்கின்றன? தெரிந்துகொள்ள ஒரே வழி தேடுவதுதான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். ‘சொந்தத்தில் கட்டினால் பிள்ளை ஊனமாகும்’ என்ற எச்சரிக்கை நம் கிராமங்களில் அரை நூற்றாண்டாகச் சுவர்களில் எழுதப்பட்டு வருகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர் உறவுக்குள் மணந்தவர்கள். இந்திய மாநிலங்களில் இது மிக உயர்ந்த அளவுகளில் ஒன்று. தாய்மாமனையோ அத்தை மகனையோ கட்டுவதன் ஆபத்து உண்மையே. ஆனால் 2017 ஆய்வு காட்டுவது அதற்கும் அடியில் இருப்பதை. உறவே இல்லாத இருவர் என்றாலும், நூறு தலைமுறையாகத் தமக்குள்ளேயே மணந்த ஒரே சாதிக்குள் அவர்கள் இருந்தால், மரபணுவின் கணக்கில் அவர்களும் தூரத்து உறவினரே. அத்தை மகளை விட்டுவிட்டு அதே சாதியில் அசலில் பெண்ணெடுத்தால் ஆபத்து குறையும், நீங்கிவிடாது. சாதியின் உயிர்நாடி அகமணமே என்று 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் வாதிட்டார். அது சமூகவியல் வாதம். ஒரு நூற்றாண்டு கழித்து அதன் தடயம் உயிரணுவுக்குள் கிடைத்திருக்கிறது. மரபணு ஆய்வு சாதிக்கு அறிவியல் முத்திரை குத்திவிடும் என்று அஞ்சுகிறவர்கள் இதையும் எண்ணிப் பார்க்கட்டும்.

*

ஆனாலும் அவர்களுடைய அச்சம் பொருளற்றதல்ல. அதைப் புரிந்துகொள்ளக் கணினி செய்யும் வேலையைப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒருவரின் மரபணுத்தொகையில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். எந்த இருவரை எடுத்துக்கொண்டாலும் ஆயிரம் எழுத்துக்கு ஒன்று என்ற அளவில் வேறுபடுவார்கள். ஆயிரக்கணக்கான நோயாளிகளையும் நலமுள்ளவர்களையும் எடுத்துக்கொண்டு, வேறுபடும் ஒவ்வோர் இடத்திலும் ‘இந்த எழுத்து நோயாளிகளிடம் அதிகமா?’ என்று கேட்பதுதான் முறை. பத்து லட்சம் இடங்களில் கேட்டால், வழக்கமான புள்ளியியல் அளவுகோலின்படி 50,000 இடங்கள் வெறும் தற்செயலாலேயே ‘ஆம்’ என்று சொல்லும். ஆகவேதான் பத்துக் கோடியில் ஐந்து என்ற கடுமையான எல்லையை வைத்திருக்கிறார்கள். அந்த எல்லையைத் தாண்ட லட்சக்கணக்கான மனிதர்கள் வேண்டும். பிரிட்டனின் ‘யூகே பயோபேங்க்’ 2006க்கும் 2010க்கும் இடையில் 5 லட்சம் தன்னார்வலர்களைச் சேர்த்தது இதற்காகத்தான்.

தற்செயலைக் கழித்தாலும் வேறொரு பொறி இருக்கிறது. பொங்கலையொட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசல்களில் காயம்பட்டவர்களின் இரத்தத்தை ஒரு பக்கமும், சென்னையில் வீதியில் போகிறவர்களின் இரத்தத்தை இன்னொரு பக்கமும் வைத்துக் கணினியைக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். ‘மாடு முட்டுவதற்கான மரபணுக்கள்’ எத்தனையோ கிடைக்கும். அவற்றுள் ஒன்றுக்கும் மாட்டோடு தொடர்பிராது. மதுரைச் சமவெளியின் சமூகங்களும் சென்னையின் கலவையும் வேறுவேறானவை என்பதைத்தான் கணினி அத்தனை கோடி எழுத்துகளைப் படித்துச் சொல்லியிருக்கும்.

ஒவ்வொருவருக்கும் மற்றவரோடுள்ள மரபு நெருக்கத்தைக் கணித்து, அதன் பாதிப்பைக் கழிக்கும் முறைகள் உண்டு. அவை பெருமளவு பயன் தருகின்றன. ஆனால் நம் நாட்டில் சாதியோடு வேறு பலவும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. யார் காற்றோட்டமில்லாத வீட்டில் நெருக்கிக்கொண்டு வாழ்கிறார், யார் கல்குவாரியில் தூசியைச் சுவாசிக்கிறார், யாருக்கு எந்தத் தெருவில் குடிநீர் என்பதையெல்லாம் நெடுங்காலம் தீர்மானித்தது பிறப்பு. நுரையீரல் காசநோய்க்கும் ‘எச்.எல்.ஏ. டி.ஆர்.2’ என்ற நோயெதிர்ப்பு மரபு வகைக்கும் உள்ள தொடர்பை மதுரை ஆய்வாளர்கள் 1991இலேயே வெளியிட்டார்கள். உலக அளவில் முன்னோடியான வேலை அது. ஆனால் காசநோய் மரபணுவால் மட்டும் வருவதில்லை. வறுமை ஒரு சாதியோடு சேர்ந்தே பயணம் செய்யும் இடத்தில், வறுமையின் குற்றத்தை மரபணுவின் தலையில் கட்டிவிடுவது கணினிக்கு எளிது, அரசுக்கு வசதி. மரபணு என்று சொல்லிவிட்டால் யாரும் வீடு கட்டித்தர வேண்டியதில்லை.

இதற்காக ஆய்வே வேண்டாம் என்பது இன்னொரு அநீதி. 2019 நிலவரப்படி இவ்வகை ஆய்வுகளில் பங்கேற்றோரில் 79 விழுக்காட்டினர் ஐரோப்பிய வழியினர், உலக மக்களில் அவர்கள் 16 விழுக்காடுதான் என்றாலும். அவர்களைக் கொண்டு கணித்த நோய் அபாய மதிப்பெண் நம்மவர்களுக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. யாரோ ஒருவர் அளவுக்குத் தைத்த சட்டையை நாம் போட்டுக்கொண்டிருக்கிறோம். இக்குறையைத் தீர்க்கவே 2020 ஜனவரியில் ‘ஜீனோம் இந்தியா’ திட்டம் தொடங்கியது. 20 நிறுவனங்கள் சேர்ந்து, எண்பதுக்கும் மேற்பட்ட மக்கட்குழுக்களிலிருந்து ஏறத்தாழ 10,000 பேரின் முழு மரபணுத்தொகையைப் படித்தன. 2025 ஜனவரி 9 அன்று அத்தரவு ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஃபரீதாபாதின் தரவு மையத்தில் அது இருக்கிறது. ஏறத்தாழ 4,600 சமூகங்கள் வாழும் நாட்டுக்கு இது தொடக்கமே. நல்ல தொடக்கம்.

*

தரவு சேர்ந்துவிட்டால் நலம் தானே வந்துவிடுமா? மதுரையே இதற்கும் பாடம் வைத்திருக்கிறது.

1976இல் கோவிந்தப்ப வேங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தென் தமிழகத்தின் மூன்று மாவட்டங்களில் நாற்பது வயதைக் கடந்த 5,150 பேரின் கண்களை ஆய்ந்து, முடிவுகளை 2003இல் வெளியிட்டது. மிகப் பரவலான வகைக் கண்நீர் அழுத்த நோய் இருந்தவர்களில் 93 விழுக்காட்டினருக்குத் தமக்கு அந்நோய் இருப்பதே அதுவரை தெரியாது. ஐவரில் ஒருவர் ஒரு கண்ணிலேனும் பார்வையை ஏற்கெனவே இழந்திருந்தார். இதைச் சொல்ல மரபணு தேவைப்படவில்லை. ஊருக்குப் போய் ஒவ்வொரு கண்ணாகப் பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டார்.

அதே மருத்துவமனையின் விழித்திரைப் படங்கள் பின்னர் கணினிக்கும் பாடமாயின. நீரிழிவால் விழித்திரை கெடுவதைக் கண்டுபிடிக்க கூகுள் ஆய்வாளர்கள் உருவாக்கிய நிரல், அமெரிக்காவிலும் அரவிந்த் உள்ளிட்ட இந்திய மருத்துவமனைகளிலும் எடுத்த 1,28,175 படங்களைப் பார்த்துப் பழகியது. 2019இல் வெளியான சோதனையில், அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் 3,049 நோயாளிகளின் படங்களை அது பயிற்சி பெற்ற மனிதர்களுக்கு இணையாகப் படித்தது. தாய்லாந்தின் சிறு மருத்துவ நிலையங்களுக்குப் போனபோதோ, மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படங்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் தரமில்லை என்று தள்ளிவிட்டது. தள்ளப்பட்டவர் இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தொலைவிலுள்ள மருத்துவமனைக்குப் பயணம் செய்ய வேண்டும். நிரல் நன்றாக இருப்பது ஒன்று, நிரலின் முடிவுக்குப் பிறகு நோயாளிக்கு என்ன நடக்கிறது என்பது வேறொன்று. அரவிந்தில் அது பயன்படுவதற்குக் காரணம் நிரலின் அறிவு மட்டுமல்ல. படத்துக்குப் பின்னால் மருத்துவரும், சிகிச்சையும், கட்ட முடியாதவருக்கு இலவசப் படுக்கையும் ஏற்கெனவே இருந்தன.

மரபணுத் தரவுக்குப் பின்னால் அப்படி என்ன இருக்கிறது?

*

பின்னால் ஒன்றும் இல்லாதபோது நடப்பதை உலகம் பார்த்திருக்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவசுபாய் என்ற சிறு பழங்குடி. 1990 முதல் நீரிழிவு ஆய்வுக்கென்று இரத்தம் கொடுத்தார்கள். அது அவர்களுக்குத் தெரியாமல் மனநோய் பற்றிய ஆய்வுக்கும், இனப்பெயர்ச்சி ஆய்வுக்கும் போயிற்று. தாங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்பது அவர்களுடைய தொன்மம். எங்கிருந்தோ வந்தவர்கள் என்று அவர்களுடைய இரத்தத்தைக் கொண்டே எழுதப்பட்டது. வழக்குத் தொடுத்தார்கள். 2010இல் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்து, எஞ்சிய இரத்தத்தையும் திருப்பித் தந்தது. ஐஸ்லாந்தில் 1998இல் நாட்டு மக்கள் அனைவரின் மருத்துவக் குறிப்புகளையும் ஒரே தரவகத்தில் சேர்க்கச் சட்டம் வந்தபோது, இறந்துபோன தன் தந்தையின் குறிப்புகளைச் சேர்க்கக் கூடாது என்று ஒரு மகள் வழக்காடினாள். 2003இல் உச்சநீதிமன்றம் அவள் பக்கம் நின்றது. தந்தையின் மரபணு மகளுடையதும்தான் என்பது அவ்வழக்கின் சாரம்.

மறுபக்கமும் உண்டு. நியூயார்க்கின் வைதிக யூதர்கள் குழந்தைகளைக் கொல்லும் டே-சாக்ஸ் என்ற பரம்பரை நோயால் தலைமுறைகளாகத் துன்பப்பட்டார்கள். தன் குழந்தைகளை அந்நோய்க்குப் பறிகொடுத்த ஒரு மதகுரு 1983இல் ஒரு வழி கண்டார். மணமாகாத இளைஞர்களின் இரத்தத்தைச் சோதித்து, ஆளுக்கு ஓர் எண் மட்டும் தருவது. திருமணப் பேச்சு வரும்போது இரு வீட்டாரும் இரண்டு எண்களையும் சொன்னால், ‘பொருந்தும்’ அல்லது ‘பொருந்தாது’ என்று மட்டும் பதில் வரும். யாரிடம் குறை என்று ஊருக்குத் தெரியாது. யாருக்கும் ‘நோய்க் குடும்பம்’ என்ற பெயர் வராது. ஜாதகக் கட்டத்தைப் பத்துப் பொருத்தத்துக்குத் தூக்கிக்கொண்டு அலையும் நமக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. மரபணுவை வைத்து அந்தச் சமூகம் தன் பழமையை நிறுவவில்லை, தன் குழந்தைகளைக் காப்பாற்றிக்கொண்டது.

நம் சட்டங்கள் இதற்குப் போதுமானவையாக இல்லை. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மரபணுத் தரவுக்குத் தனி இடமில்லை. அது தனிமனிதனை மட்டுமே அறியும். ஒரு சமூகம் முழுவதையும் பற்றி அத்தரவு சொல்வதை யார் காப்பது என்ற கேள்விக்கு அதில் பதிலில்லை. மறுபுறம், கைதிகளின் ரேகையை எடுக்க 1920இல், பெருங்காமநல்லூரின் அதே ஆண்டில், இயற்றப்பட்ட சட்டத்துக்குப் பதிலாக 2022இல் வந்த புதிய சட்டம் உயிரியல் மாதிரிகளையும் எடுக்க வழி செய்திருக்கிறது. மருத்துவ ஆய்வுக்குக் கொடுத்த இரத்தம் ஒருநாளும் அந்த வாசலுக்குள் போகாது என்று எழுத்தில் உறுதி வேண்டும்.

நாம் கேட்பது பெரிதொன்றுமல்ல. இரத்தம் எடுத்த ஊருக்கு, ஆய்வு முடிந்ததும் என்ன கண்டோம் என்பதைத் தமிழில், கூட்டத்தில், கேள்வி கேட்க இடம் கொடுத்துச் சொல்ல வேண்டும். முடிவுகளில் சமூகங்களின் பெயர் எங்கே சிகிச்சைக்கு உதவுமோ அங்கே மட்டும், அந்தச் சமூகத்தாரின் இசைவோடு வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆய்வு தனி மண்டபமாக நிற்காமல் இருக்கிற பொதுச் சுகாதார அமைப்பின்மீது கட்டப்பட வேண்டும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீடு தேடிச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறது. மரபணு ஆய்வின் பயன் போக வேண்டிய பாதை அதுதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சோதனையாகவும், மணமாகப் போகிறவர்களுக்கு ஓர் ஆலோசனையாகவும், மயக்க மருத்துவருக்கு ஒரு குறிப்பாகவும் அது இறங்கி வர வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் ஆய்வில் சேரும்போது, ஒப்புதல் படிவத்தைச் சாட்சியின் முன்னால் அவருக்குப் படித்துக்காட்டி, அடியில் பெருவிரல் ரேகையை வாங்குவது நடைமுறை. அந்த ரேகையைக் கட்டாயத்தால் வாங்க முடியாது என்பதைப் பெருங்காமநல்லூர் சொல்லிவிட்டது. இப்போது நம்பிக்கையால் வாங்குகிறோம். நம்பிக்கை என்பது கடன். வாங்கியவர்கள் இதுவரை வட்டிகூடக் கட்டவில்லை.